எஞ்சினுக்கு முன் ஏரா

பட்டுக்கோட்டையிலிருந்து தெற்கே போகப் போக நெல்வயல் குறைந்து தென்னந்தோப்பு கூடுகிறது. தோப்பும் முடிகிற இடத்தில் பாக் விரிகுடா. தஞ்சாவூர் மாவட்டத்தை நெல்லோடும் பெரிய கோயிலோடும் மட்டுமே சேர்த்து நினைக்கிறவர்கள் அதற்கு ஒரு கடற்கரை இருப்பதை மறந்துவிடுகிறார்கள். அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று நீளும் அந்தக் கரையில்தான், இரண்டாம் சரபோஜி 1814-15இல் எழுப்பிய மனோராவின் எட்டு அடுக்குக் கோபுரம் கடலைப் பார்த்து நிற்கிறது. அதே கரையில் பைபர் படகுகளின் வரிசைக்கு நடுவே, வெயிலில் வெளுத்துப்போன மர வல்லம் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கண்ணில் படும். ஒல்லியான உடல், கூர்ந்த அணியம், பின்புறம் அவுட்போர்டு எஞ்சின் மாட்டத் தோதாகச் சேர்த்த தடித்த பலகை. கொஞ்சம் பணமும் கடல்மேல் ஆசையும் உள்ள ஒருவருக்கு இதை வாங்கி, பலமான எஞ்சின் பூட்டி, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் வேகமாக ஓட்டிப் பார்க்கலாமே என்று தோன்றுவது இயல்பு. அந்தப் புது உரிமையாளரிடம் எனக்குச் சொல்ல ஒன்றே ஒன்று உண்டு. பழைய சிறு மரப்படகின் வேகம் எஞ்சினில் இல்லை. அடிமரத்திலும் பலகையிலும், அவற்றை இறுக்கி வைத்திருக்கும் தொழிலாளியின் கையிலும் இருக்கிறது. ஆகவே முதல் பணமும் முதல் கவனமும் அங்கே போக வேண்டும். எஞ்சின் கடைசியில் வரட்டும்.

இதை விளங்கிக்கொள்ள, கரையேற்றிச் சாய்த்து வைத்த படகின் அருகே போய்ப் பார்க்க வேண்டும். அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புதான் ஏரா. அதிலிருந்து இருபுறமும் விலா எலும்புகள் போல எழுபவை வங்குகள். பலகையிலிருந்து அறுத்தெடுத்த வங்கைவிட, இயல்பாகவே வளைந்து வளர்ந்த கிளையில் செதுக்கிய வங்கு உறுதியானது. மரத்தின் நரம்பு வளைவோடு சேர்ந்து ஓடுவதே காரணம். வங்குகளின் மேல் பலகைகளை ஒன்றின் விளிம்பில் ஒன்று முட்டும்படி ஆணியால் இறுக்குகிறார்கள். இரண்டு பலகைகளுக்கு நடுவே விழும் கோடுதான் படகின் உயிர்நிலை. அந்த இடுக்கில் பருத்தி இழையை முறுக்கி வைத்து, மழுங்கிய உளியால் கொட்டாப்புளியின் அடிக்குத் தக்கபடி உள்ளே இறக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த பூச்சால் மூடுவதற்குக் கலப்பத்து என்று பெயர். பார்வைக்கு எளிய வேலை. ஆனால் அடி சற்றுக் குறைந்தால் நீர் கசியும். சற்று மிகுந்தால் பலகை வங்கை விட்டு விலகும். எங்கே எவ்வளவு என்பதை அளவுகோல் சொல்வதில்லை, உளியில் எழும் ஓசைதான் சொல்கிறது. இழை இறுகும்போது ஓசை மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கேட்கிற காதுதான் இந்தத் தொழிலின் முதல். மரத்தின் குணத்தையும் கலத்தின் அளவையும் பேசும் கப்பல் சாத்திரம் என்ற நூல் தமிழில் உண்டு. ஆனாலும் கலப்பத்து ஏட்டில் தங்கும் அறிவு அன்று, கையிலிருந்து கைக்குப் போவது.

புது உரிமையாளர் செய்யும் முதல் பிழை இங்கேதான் தொடங்குகிறது. மாதக்கணக்கில் கரையில் கிடந்த படகைத் தண்ணீரில் தள்ளியதும் இடுக்கெல்லாம் நீர் வரும். பயந்துபோய் அவர் படகை மறுபடி கரையேற்றி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, எல்லா இடுக்கிலும் கடையில் வாங்கிய பசையைத் திணிக்கச் சொல்வார். இது மரத்தின் இயல்புக்கு நேர் எதிரான செயல். மரம் ஈரம் குடித்தால் நீளத்தில் வளர்வதில்லை, அகலத்தில்தான் விரிகிறது. காய்ந்த பலகை சுருங்கி இடுக்கைத் திறக்கும். ஊறிய பலகை விரிந்து அதே இடுக்கைத் தானே மூடும். விதைநெல்லை ஊறவைத்து முளைகட்டும் ஊர்க்காரர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்து திறந்த இடுக்கில் கெட்டியான பசையை நிரப்பிவிட்டால், பிறகு ஊறி விரியும் பலகைக்குப் போக்கிடம் இருக்காது. அது ஆணியை இழுக்கும், வங்கைத் தள்ளும். கசியும் படகை உடையும் படகாக்குகிற வழி இது. கலப்பத்து தெரிந்தவர் முதலில் படகை ஆழமில்லாத நீரில் கட்டி, ஓரிரு நாள் ஊறவிட்டு, வந்த நீரை இறைத்துக்கொண்டே இருப்பார். மரம் தானாக மூடும் இடங்களை மூடவிட்டு, அதன் பிறகும் கசிகிற இடத்தை மட்டும் குறித்துக்கொள்வார். வேலை அங்கே மட்டும் நடக்கும். பொறுமை மரப்படகுக்குச் சொந்தக்காரராவதன் முதல் பாடம் என்பது உபதேசத்துக்காகச் சொல்வது அன்று. மரத்தின் அமைப்பே அதைக் கேட்கிறது.

இரண்டாவது பாடம், எங்கே பார்க்க வேண்டும் என்பது. விற்பவர் காட்டுவது புதிதாகப் பூசிய பெயின்டையும் ஒரே இழுப்பில் கிளம்பும் எஞ்சினையும். இரண்டுமே படகின் ஆயுளைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. மரத்தை அழிப்பதில் கடல்நீரைவிட மழைநீர் கொடியது. உளுத்துப்போகச் செய்யும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். உப்பு அதற்கு ஆகாது. ஆகவே படகு எப்போதும் நனைந்திருக்கும் அடிப்பகுதியில் தொடங்கி உளுப்பதில்லை. மழைநீர் தேங்கி, காற்றோட்டமில்லாமல் புழுங்கும் அணியத்து மூலையிலும் பின்பலகையின் உட்புறத்திலும் வங்கின் தலைப்பிலும் தொடங்குகிறது. கூரிய தமரூசியால் அங்கே குத்திப் பார்த்தால், நல்ல மரம் எதிர்த்து நிற்கும். உளுத்தது வெண்ணெய்போல் உள்வாங்கும். அடுத்தது ஆணி. உப்பில் இரும்பு துருப்பிடிக்கும்போது ஆணி மெலிவதோடு, சுற்றியுள்ள மரமும் கறுத்து மெலிகிறது. பெயின்டின் மேல் வரிசையாகத் தெரியும் துருக்கறை அதைக் காட்டிக்கொடுக்கும். மூன்றாவது, மரத்தைத் துளைக்கும் கடற்புழு. புழு என்கிறோமே தவிர, அது கிளிஞ்சல் இனத்தைச் சேர்ந்தது. வெளியே குண்டூசித் தலையளவு துளைதான் தெரியும். உள்ளே பலகை தேன்கூடாகியிருக்கும். நன்னீரில் அதனால் வாழ முடியாது. உப்பங்கழியும் கடலும்தான் அதன் இடம். அலையாத்திக் காட்டை ஒட்டிய நீரில் அடிப்பூச்சு இல்லாமல் ஒரு மரப்படகை மாதக்கணக்கில் கட்டிவைப்பது அதற்கு விருந்து வைப்பதற்குச் சமம். இந்த மூன்றையும் பார்க்காமல் எஞ்சினின் குதிரைத்திறனைக் கேட்டு முன்பணம் கொடுப்பது, தரையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்து வீடு வாங்குவது போன்றது.

வேகத்துக்கு வருவோம், ஆசையே அதில்தானே. இங்கேயும் அடிமரம்தான் பேசுகிறது. வட்டமான அடி கொண்ட படகு நீரை விலக்கிக்கொண்டு போகும். வேகம் கூடக்கூடத் தானே எழுப்பிய அலைக்குள் தானே அகப்படும். நீரைத் தொடும் நீளம் 6 மீட்டர் உள்ள இப்படிப்பட்ட படகுக்கு, மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஒவ்வொரு கிலோமீட்டரும் பெரும் எரிபொருள் செலவில்தான் கிடைக்கும். அதன் பின்புறத்தில் 40 குதிரைத்திறன் எஞ்சினைப் பூட்டினால் என்ன ஆகும்? சுமார் 70 கிலோவுக்கு மேல் எடை ஒரே பலகையில் தொங்கும். கடைப்பகுதி அமிழும், அணியம் வானைப் பார்க்கும், அதிர்வு முழுக்கப் பின்பலகையின் ஆணிகளில் இறங்கும். வேகம் கொஞ்சம்தான் கூடும், படகின் ஆயுள் நிறையக் குறையும். நீரின் மேல் ஏறி வழுக்கி ஓடும் படகு வேறு வகை. அதன் பின்பகுதி அடி தட்டையாக, நேராக இருக்க வேண்டும். அந்த நேர்கோடு சற்றே உள்வாங்கியிருந்தாலும் அணியம் கீழே குத்தும். சற்றே புடைத்திருந்தாலும் படகு தவளைபோலத் தத்தும். ஒரு நூலைக் கட்டிப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் குறை அது. பெரிய எஞ்சின் அதைச் சரிசெய்யாது. தச்சர் ஒரு பலகையை மாற்றினால் சரியாகும். இத்தாலியின் இசேயோ ஏரிக்கரையில் சார்னிகோ என்ற ஊரில் ரீவா நிறுவனம் 1962இல் கொண்டுவந்த அக்வாராமா என்ற மகோகனிப் படகை உலகம் இன்றும் கொண்டாடுகிறது. அதன் பெருமையிலும் எஞ்சின் பாதிதான். மீதி, பலகையின் வளைவை மயிரிழை பிசகாமல் இழைத்த தச்சர்களுடையது.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது: இவ்வளவு தொல்லை எதற்கு, பைபர் படகு வாங்கினால் போதாதா? 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கடற்கரை முழுவதும் நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் பைபர் படகுகள். அவை இலேசானவை, ஊறவைக்க வேண்டாம், புழு தின்னாது. கடலை நம்பிப் பிழைக்கிற குடும்பம் பைபருக்கு மாறியதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை; அவர்கள் கணக்கு சரியான கணக்கு. பிழைப்புக்காகப் படகு தேடுகிறவருக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் பழைய மரப்படகைத்தான் விரும்பி வாங்குகிறவர் அந்தக் கணக்கை இதில் போட முடியாது. அதைவிட ஆபத்தானது இரண்டும் கெட்டான் வழி: பழைய மரத்தின் மேலேயே பைபரைப் போர்த்திவிடுவது. ஈரத்துக்குத் தக்கபடி விரிந்து சுருங்கும் மரமும், அசையாத பிசினும் ஒன்றாக வாழா. ஒட்டு விட்டுப்போன இடத்தில் நீர் புகும், வெளியேற வழி தெரியாமல் நிற்கும். மூடிய உறைக்குள் மரம் கண்ணுக்குத் தெரியாமல் உளுக்கும். கசிவு என்பது மரப்படகு நம்மோடு பேசும் பேச்சு. அதன் வாயைக் கட்டிவிட்டு நோய் தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது.

இரண்டாவது மறுப்பு தொழிலாளிகளைப் பற்றியது. கலப்பத்து பார்க்கிறவர்கள் குறைந்துவருகிறார்கள், அடுத்த தலைமுறை இதற்கு வருவதில்லை. இல்லாமல் போகும் கைகளை நம்பி ஏன் படகு வாங்க வேண்டும்? கேள்வி நியாயமானது, அதற்கான பதிலும் கண்டிப்பானது: கைக்கெட்டும் தூரத்தில் அந்த வேலை தெரிந்தவர் இல்லை என்றால் படகை வாங்காதீர்கள். வாங்கினால், அவருடைய தொழிலுக்கு நீங்கள் நிரந்தர வாடிக்கையாளர் என்று உணர்ந்து வாங்குங்கள். மரவேலை தெரிந்தவர் பைபர் வேலைக்குப் போவது ஆசையால் அன்று, ஆண்டு முழுவதும் வேலை கிடைப்பதால். பைபரைத் தேய்க்கும்போது பறக்கும் தூசு தோலையும் நுரையீரலையும் உறுத்துவது. அதைத் தாங்கிக்கொண்டும் அவர் அங்கே போகிறார் என்றால், மரம் அவருக்குச் சோறு போடவில்லை என்று பொருள். படகு மூழ்கும் நிலைக்கு வந்த பிறகு ஓடிப்போய் அழைத்து, கூலியில் பேரம் பேசுகிற உரிமையாளர் அந்தத் தொழிலை அழிக்கிறார். தன் படகையும் சேர்த்தே அழிக்கிறார். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு இருமுறை வந்து பார்க்கச் சொல்லி, வந்த நாளுக்கு முழுக்கூலி கொடுக்கிறவருடைய படகு பிழைக்கும். இது தயவு இல்லை, பராமரிப்புச் செலவின் முதல் வரி. அழைக்கும் காலத்தையும் பார்க்க வேண்டும். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பெரிய படகுகளெல்லாம் பழுதுபார்ப்புக்குக் கரையேறும் காலம் அதுதான். தன் உல்லாசப் படகோடு அந்த நெரிசலில் போய் நிற்பது, ஒருவருடைய பிழைப்பைத் தாமதப்படுத்துவதாகும்.

மூன்றாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்: இத்தனை கவனித்துச் சீராக்கிய படகை, பிறகாவது விரட்டி ஓட்டக் கூடாதா? இங்கே கடலே பதில் சொல்கிறது. பாக் விரிகுடா பெரும்பாலான இடங்களில் 15 மீட்டர் ஆழம்கூட இல்லாதது. கரையோரத்தில் காவிரியின் கிளைகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல். கொஞ்சம் தள்ளிப் போனால் கடற்புல் மேடுகள். காற்றாடியில் புல் சுற்றினால் படகு நிற்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்த்துளையைப் புல்லும் சேறும் அடைத்தால் எஞ்சினே வெந்துபோகும். அந்தப் புல்லைத்தான் ஆவுளியா என்று இந்தக் கரையார் அழைக்கும் கடற்பசு மேய்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. மூச்சுவிட மேலே வரும் அந்தச் சாதுவான பிராணியால் வேகமாக வரும் படகிலிருந்து விலக முடியாது. வலை விரித்திருக்கும் நாட்டுப்படகுக்காரருக்கும் அதே நிலைதான். அறுந்த வலை அவருக்கு ஒரு பருவத்தின் கடன். ஆகவே இந்தக் கடலில் நல்ல படகுக்கு அடையாளம் உச்ச வேகம் அன்று. மெதுவாகப் போகும்போதும் நேராகப் போவது, தேவை வந்தால் மட்டும் விரைவது. அந்தக் குணத்தைத் தருவதும் எஞ்சின் அன்று, அடிமரமே.

ஆகவே வரிசை இதுதான். பதிவுச் சான்றும் எஞ்சின் எண்ணும் விற்பவர் பெயரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓர் ஆண்டுக்குப் படகில் எதையும் மாற்றாதீர்கள். ஊறவையுங்கள், இறையுங்கள், மழைக்கு முன் மூடுங்கள், மூடியின் கீழ் காற்று போக வழிவிடுங்கள், ஓட்டி வந்ததும் எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் ஓட்டுங்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் கரையேற்றி வையுங்கள். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது இந்தக் கரையின் படகுகளுக்கு நேர்ந்த கதி, அந்த மாதங்களை அலட்சியப்படுத்தலாகாது என்பதற்கு இன்னும் சாட்சி. இவற்றுக்கெல்லாம் முன்னால், முன்பணம் கொடுக்கும் முன்பே, கலப்பத்து தெரிந்த ஒருவரை அந்தப் படகிடம் அழைத்துப் போங்கள். அவர் தட்டிப் பார்க்கட்டும், குத்திப் பார்க்கட்டும், ஏராவின் ஓரமாகக் கண்ணை ஓட்டட்டும். முடிவில் அவர் வாங்க வேண்டாம் என்று தலையசைத்தாலும் அன்றைய கூலியை முழுதாகக் கொடுங்கள். உங்களிடம் படகு இருக்காது. ஆனால் அடுத்த படகை எந்தக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும், அழைத்தால் வருகிற ஒரு கையும் இருக்கும்.