சொந்த வண்டிக்காரரின் சம்பளம்

திருவள்ளூரைத் தாண்டித் திருத்தணி சாலையில் கொஞ்ச தூரம் போனால் திருப்பாச்சூர். தேவாரப் பாடல் பெற்ற வாசீஸ்வரர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். நான் பார்க்கப் போன இளைஞர் தன் வண்டிக்கு முதல் பூஜை போட்டதும் அந்தக் கோயில் வாசலில்தான். அதற்கு முன் எண்ணூர்ப் பக்கம் அடுத்தவர் டிரெய்லரில் கன்டெய்னர் ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது பழைய வண்டி ஒன்றை வாங்கித் தானே ஓட்டுகிறார். பதினாலு அடி, ஆறு டயர்.

இந்த வட்டாரத்தில் சரக்குக்குக் குறைவில்லை. பக்கத்திலேயே காக்களூர் தொழிற்பேட்டையும் ஆவின் பண்ணையும். மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர். வடகிழக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகையில் மிஷலின் டயர் ஆலை, கிழக்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள். இத்தனைக்கும் நடுவில் ஸ்டீயரிங் பிடிக்கிற ஒருவருக்கு, நாமே ஒரு வண்டி போட்டால் என்ன என்று தோன்றாமல் இருக்காது.

வண்டி போடுவது முன்னைவிட எளிதாகிவிட்டது. 2005-ல் டாடா ஏஸ் வந்து ஊரெங்கும் 'குட்டி யானை' ஆனபோதே சிறு முதலில் இறங்க ஒரு கதவு திறந்தது. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு பெர்மிட்டும் வேண்டாம். கார் ஓட்டும் எல்.எம்.வி. உரிமம் வைத்திருப்பவரே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. கடனுக்கும் வழி உண்டு. வங்கிகள் ஏறெடுத்துப் பார்க்காத பழைய லாரிக்காரர்களுக்குக் கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டு 1979-ல் சென்னையில் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ் தொடங்கப்பட்டது. அதன்பின் அந்த வழியில் பலர் வந்துவிட்டார்கள்.

வாங்குவது எளிது, வைத்துக் காப்பாற்றுவதுதான் பாடு.

"அண்ணா, வண்டிய பாக்கறதுக்கு முன்னாடி புக்க பாக்கணும்" என்றார் அவர். ஆர்.சி.யில் ஹெச்.பி. என்ற கடன் பதிவு ரத்தாகியிருக்கிறதா, எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எதுவரைக்கும், ரோடு டாக்ஸ் பாக்கி உண்டா, பழைய ஓனர் கட்டாமல் விட்ட ஆன்லைன் அபராதம் எத்தனை, சேஸிஸ் நம்பர் ஒத்துப்போகிறதா — இவ்வளவையும் பார்த்த பிறகுதான் இன்ஜினைக் கிளப்பச் சொல்ல வேண்டுமாம். எட்டு வயது தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்க வேண்டும். அதற்கு முந்தைய மாதத்தில் பெயின்ட், ஸ்டிக்கர், பிரேக் லைனர் என்று கை காலியாகிவிடும். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்.6 வண்டியில் சென்சார் மக்கர் பண்ணினால் ரோட்டோர மெக்கானிக்கால் ஆகாது. அதனால்தான் பி.எஸ்.4 பார்த்து வாங்கினேன் என்றார். விலை கொஞ்சம் குறைந்தது, வயது கொஞ்சம் கூடிவிட்டது.

காக்களூரில் அன்றைக்கு அட்டைப் பெட்டி லோடு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இறக்க வேண்டும். லோடுமேன்கள் அடுக்கி முடித்ததும் அவரே மேலே ஏறித் தார்ப்பாயை விரித்தார். காற்று முன்னாலிருந்து அடிக்கும் என்பதால் முன்பக்க மடிப்பு மேலே வரும்படி போட்டார், பின்பக்கத் துண்டு அதற்கு அடியில் போகிறது. பிறகு கயிறு. கொக்கியில் மாட்டி, சுருக்கு ஒன்று போட்டு, அந்தச் சுருக்குக்குள் கயிற்றை விட்டுக் கீழ்நோக்கி உடல் எடை முழுவதையும் கொடுத்து இழுக்கிறார். தார்ப்பாய் 'டப்' என்று பெட்டிகளோடு ஒட்டுகிறது. அட்டைப் பெட்டி என்பதால் மூலைகளில் பழைய ரப்பர்த் துண்டுகளைச் செருகிவிட்டுத்தான் இறுக்கினார். கயிறு அறுத்த பெட்டிக்கான காசு வாடகையில்தான் பிடிக்கப்படும். கடைசியாக லீவரை எடுத்து ஆறு டயரையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். உள் டயர் ஒன்று மொத்தென்றது. காற்று அடித்துவிட்டுத்தான் புறப்பட்டோம்.

பெரியபாளையம் வழியாக ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலைக்குப் போய் கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடித்தோம். வழியில் அவர் போட்டுக் காட்டிய கணக்கைத் தோராயமான தொகைகளில் சொல்கிறேன். வாடகை 4,000 ரூபாய். போக வர 120 கிலோமீட்டர், லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர், டீசல் 92 ரூபாய் என்று வைத்தால் 1,380 ரூபாய். புரோக்கர் கமிஷன் 200. மிச்சம் 2,420. புதிதாக வண்டி போட்டவர் இந்த இடத்தில் கணக்கை மூடிவிடுகிறார், 2,420 ரூபாயையும் லாபம் என்று வீட்டுக்குக் கொண்டு போகிறார்.

பைனான்ஸ் டியூ மாதம் 18,000 என்றால், வண்டி ஓடுகிற நாள் இருபது என்று கொண்டால், நாளுக்கு 900. மிச்சம் 1,520. அடுத்தவர் வண்டியில் ஓட்டியிருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கும் சம்பளமும் பேட்டாவும் ஆயிரம். மிச்சம் 520. இந்த 520-க்குள்தான் ஆறு டயர், ஆயில், கிரீஸ், எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் அடங்க வேண்டும். 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுமே 2022-ல் அறிவித்த கட்டணப்படி வருஷத்துக்கு 16,049 ரூபாய், வரி தனி. வெறும் வண்டியாகத் திரும்பினால் இந்த நடையில் வண்டி சம்பாதித்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ரிட்டன் லோடு கிடைத்தால் மட்டுமே வண்டிக்கு என்று ஏதோ மிஞ்சும்.

இந்தக் கணக்கில் 'டிரைவர் சம்பளம்' என்ற வரியைச் சேர்த்தவர் அவருடைய மனைவி. பி.காம். படித்தவர். நோட்டுப் புத்தகம் அவர் கையில்தான். "இவரு ஓட்டுறதுக்குச் சம்பளம் போடாம லாபம்னு எழுதினா, அது என் வீட்டுக் காசுல வண்டி ஓடுதுன்னு அர்த்தம்" என்றார். சரக்குப் போக்குவரத்தில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது. ஏனென்றால் மலிவான வாடகைக்கு லோடு எடுப்பவர்களில் பலர் தங்கள் கூலியையே பார்ட்டிக்குத் தள்ளுபடியாகக் கொடுக்கிறார்கள். அதுவே மார்க்கெட் ரேட் ஆகி, சம்பளத்தைச் சேர்த்துக் கேட்பவருக்கு லோடு கிடைக்காமல் போகிறது.

கும்மிடிப்பூண்டியில் ஆலை கேட்டில் காத்திருப்பு தனிக் கதை. கேட் பாஸ், ஷூ, ஹெல்மெட், எடைமேடை எல்லாம் முடிந்தும் உள்ளே இடம் இல்லை என்று வெளியே நிறுத்திவிட்டார்கள். வரிசையாக வண்டிகள், நிழலுக்கு வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் டிரைவர்கள். கழிப்பறை இல்லை. இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று காலக்கெடு வைத்திருக்கிறது அரசு. டிரைவர் கேட்டில் நிற்கும் நேரத்துக்குக் கெடு வைப்பார் இல்லை. காத்திருப்புக்கான ஹால்டிங் காசு பெரிய டிரான்ஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில் இருக்கும், ஒற்றை வண்டிக்காரர் வரை அது இறங்கி வருவது அபூர்வம். கோடி கோடியாகச் சரக்கு கைமாறும் வாசலில் ஒரு குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் கட்டித் தருவது பெரிய செலவே இல்லை. இதை ஏன் கட்டாயமாக்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர் வயதில் பெரியவர். ஒரு காலத்தில் சொந்தமாக லாரி வைத்திருந்தவர், இப்போது சம்பளத்துக்கு ஓட்டுகிறார். "வண்டி என்னைக் கைவிடல தம்பி, பேலன்ஸ் காசுதான் கைவிட்டுது" என்றார். அட்வான்ஸ் டீசலுக்குச் சரியாகப் போய்விடும். மீதி வாடகை, கையெழுத்திட்ட சலான் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்து வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கழித்து வரும். அதுவரை டியூ காத்திருக்காது. உத்யம் பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ன் சட்டம் சொல்கிறது, பதிவும் இலவசம். ஒற்றை வண்டி வைத்திருப்பவரும் பதியலாம். பெரியவரிடம் இதைச் சொன்னபோது, "சட்டத்தக் காட்டி ஒரு தடவ வாங்கிடலாம், அடுத்த லோடு யாரு குடுப்பா?" என்று கேட்டார். பத்து வண்டிக்காரர்கள் சேர்ந்து கேட்டால் கதை வேறு. ஆனால் அந்தப் பத்துப் பேரும் ஒரே லோடுக்குப் போட்டி போடுகிறவர்கள்.

இதே வட்டாரத்தில் மப்பேட்டில் பல்முனை சரக்குப் பூங்காவுக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள், 184 ஏக்கர். எண்ணூரிலிருந்து தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் பக்கம் போகும் எல்லைச் சாலையும் வருகிறது. சரக்கு பெருகும். புரோக்கர் இல்லாமல் நேரடியாக லோடு பதிவு செய்ய ஒற்றை வண்டிக்காரருக்கு அங்கே ஒரு ஜன்னல் இருந்தால் இந்த வட்டாரமே மாறும்.

இறக்கி முடிக்கும்போது இருட்டிவிட்டது. புரோக்கர் போன் செய்தார், ஆந்திராவின் நாயுடுபேட்டைக்கு உடனே ஒரு லோடு இருக்கிறதாம். இவர் தெலுங்கில் பேசினார், வாடகை கேட்டார், திரும்பி வர லோடு உண்டா என்று கேட்டார். இல்லை என்று பதில். நோட்டுக் கணக்கை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் எண்ணூறு போட்டால் வருகிறேன் என்றார். புரோக்கர் முடியாது என்றார். இவரும் வைத்துவிட்டார்.

"காலையில திருவள்ளூர்ப் பக்கம் போற லோடு ஒண்ணு இங்கயே இருக்கு அண்ணா, ரேட்டு கம்மி. ஆனா வீட்டுக்குப் போற வழி" என்றபடி கேபினில் படுக்கையை விரித்தார்.