டப்ளின் நகரில் டீன் ஸ்விஃப்ட்டின் அடிச்சுவடுகள்

அயர்லாந்து நாட்டின் தலைநகரான டப்ளினில், லிஃபி ஆற்றுக்குத் தெற்கே, ஒரு சிறு பூங்காவின் ஓரத்திலே நிமிர்ந்து நிற்கிறது புனித பத்திரிசியார் பேராலயம். அந்நாட்டின் அப்போஸ்தலராகிய பத்திரிசியார், இவ்விடத்திலிருந்த ஒரு கிணற்று நீரால் மக்களுக்குத் திருமுழுக்கு அளித்தார் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. 1191-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இத்திருத்தலம், சமயப் பிளவுக்குப் பின் ஆங்கிலிக்கன் சபையினரின் கைக்குச் சென்றது, இன்றும் அவர்களுடையதே. இங்கே 1713 முதல் 1745 வரை டீன் என்னும் தலைமைக் குருவாக வீற்றிருந்தவர் ஜோனதன் ஸ்விஃப்ட். குள்ளர் நாட்டில் கரை ஒதுங்கிய கலிவரின் கதையை நம் பிள்ளைகளும் பள்ளியிலே படிக்கின்றனர் அல்லவா? அக்கதையைப் படைத்தவர் இவரே.

எனினும், எங்களை அங்கே இழுத்துச் சென்றது கலிவரின் கதையன்று. எங்கள் தமக்கையாரின் மகள் டப்ளினில் செவிலியர் பணி புரிகிறாள். அவளைக் காண நாங்கள் மூவர் சென்றிருந்தோம். தமக்கையாருக்கு ஆறு ஆண்டுகளாக ஓர் இன்னல். வலக்காது அடைத்துக்கொள்ளும், உள்ளே வண்டு ரீங்காரமிடுவதுபோல் ஓயாத இரைச்சல், சில நாட்களில் தலை சுற்றும், சுற்றல் நின்ற பின்னும் அறிவின்மேல் பனி மூடியது போன்ற மந்தம். அடுப்பில் பாலை வைத்ததும் மறக்கும். பேச்சின் நடுவே சொல் அகப்படாது. பார்த்த மருத்துவர் பலர். எடுத்த படங்கள் பல. “ஒன்றுமில்லை” என்ற விடையே மிச்சம். உறவினருள் சிலர் நரம்புத் தளர்ச்சி என்றனர். சிலர் வேலைக்கு அஞ்சிச் சொல்லும் சாக்கு என்றனர். நோயைவிட அந்தச் சொற்களே அவரை மிகுதியாக வருத்தின. “அம்மாவைப் போலவே துன்பப்பட்ட ஒரு பெரியவர் இங்கே துயில்கிறார், பார்க்க வேண்டும்” என்று மகள்தான் அழைத்துச் சென்றாள்.

பேராலயத்தின் மேற்குப் பக்கம், வாயிலுக்கு அருகே, தரையிலே பதித்த இரு பித்தளைத் தகடுகள் அருகருகே உள்ளன. ஒன்று ஸ்விஃப்ட்டினுடையது, மற்றது அவருடைய வாழ்நாள் தோழியும், ‘ஸ்டெல்லா’ என்று அவரால் அழைக்கப்பட்டவருமான எஸ்தர் ஜான்சனுடையது. சுவரிலே, அவர் தமக்குத் தாமே இலத்தீன் மொழியில் எழுதி வைத்த கல்லறை வாசகம். அநீதியைக் கண்டு கொதித்த அவருடைய உள்ளத்தைப் பற்றி அது பேசுகிறது. ஏறத்தாழ ஐம்பத்தைந்து ஆண்டுகள் அவரோடு வாழ்ந்த நோயைப் பற்றி அது ஒன்றும் பேசவில்லை.

அந்த நோய் அவருடைய இருபது வயதை ஒட்டித் தொடங்கியது. இங்கிலாந்தில் சர் வில்லியம் டெம்பிள் என்பாரின் இல்லத்தில் அவர் செயலராக இருந்த காலம் அது. தலை சுற்றியது, வயிறு குமட்டியது. பிறந்த மண்ணின் காற்று குணமாக்கும் என்று மருத்துவர் கூற, 1690-இல் அயர்லாந்துக்குத் திரும்பினார், குணமில்லை. சில ஆண்டுகள் கழித்துக் காதும் மந்தமாயிற்று. ஆப்பிள் பழங்களை அளவின்றி உண்டதால் தலைச்சுற்றல் வந்தது என்றும், தோட்டத்திலே குளிரில் அமர்ந்து படித்ததால் செவிடு வந்தது என்றும் அவர் இறுதிவரை நம்பினார். இரண்டும் தம்மை மாறி மாறிக் காண வரும் இரு நண்பர்கள் என்றும், முதுமையில் அவர்கள் சேர்ந்தே வரத் துணிந்துவிட்டார்கள் என்றும் ஒரு கடிதத்திலே வேடிக்கையாக எழுதினார். இரு நண்பர்களும் ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் என்பதை அவருக்குச் சொல்ல அக்காலத்தில் எவரும் இல்லை.

காரணம் தெரியாத நோயோடு அவர் எவ்வாறு வாழ்ந்தார்? 1710 முதல் 1713 வரை இலண்டனிலிருந்து ஸ்டெல்லாவுக்கு எழுதிய மடல்கள் இதற்குச் சான்று. 1710 அக்டோபர் 31-ஆம் நாள் காலை, படுக்கையில் அமர்ந்திருக்கையில் அறை முழுவதும் ஒரு நிமிடம் சுழன்றதை அவர் குறித்து வைத்துள்ளார். எந்த நாளில் தலை சுற்றியது, என்ன உண்டார், எந்த மாத்திரையை விழுங்கினார் என்பனவெல்லாம் அம்மடல்களில் உண்டு. அதே உபாதை கொண்ட ஒரு சீமாட்டியோடு பேசி ஆறுதல் அடைந்ததையும் காண்கிறோம். நாள்தோறும் நெடுந்தூரம் நடந்தார், குதிரை ஏறினார், மழை பெய்தால் வீட்டின் மாடிப்படிகளிலே ஏறி இறங்குவாராம். நோய் விட்ட நாட்களில் எழுதினார். அயர்லாந்து மக்களின்மேல் சுமத்தப்பட்ட செப்புக் காசுகளை எதிர்த்து 1724-இல் அவர் எழுதிய கடிதங்களும், 1726-இல் வெளிவந்த கலிவர் நூலும் சுழலும் தலையோடு வாழ்ந்த மனிதரின் படைப்புகளே.

ஆனால், நோய் அவரைத் தனிமைப்படுத்தவும் செய்தது. 1727-இல் கவிஞர் போப்பின் இல்லத்தில் விருந்தினராகத் தங்கியிருந்தபோது காது அடைத்துத் தலை சுற்றியது. உடல் நலமற்ற நண்பருக்குத் தாமும் சுமையாகலாகாது என்று அவ்வீட்டை விட்டு வெளியேறினார். கூட்டத்தில் அமர்ந்தும் பேச்சு காதில் விழாதவர் படும் வேதனையை, வீட்டிலே அத்தகையோர் இருப்பவர் அறிவர்.

பேராலயத்தை ஒட்டி மார்ஷ் நூலகம் உள்ளது. 1707-இல் எழுந்த அம்மண்டபத்தில், அரிய நூல்களைப் படிப்போரை உள்ளே வைத்துப் பூட்டுவதற்கென்று அமைத்த கம்பிக் கூண்டுகள் இன்னமும் இருக்கின்றன. சிறிது தொலைவில் டீன் ஒரு பழத்தோட்டம் வளர்த்தார். ‘நாபோத்தின் திராட்சைத் தோட்டம்’ என்று அதற்கு விவிலியப் பெயர் சூட்டி, சுற்றிலும் கற்சுவர் எழுப்பிப் பழமரங்களை நட்டார். பழமே தம் நோய்க்குக் காரணம் என்று அஞ்சி அதை ஒதுக்கியவர், பழத்தோட்டம் வளர்த்ததை எண்ணுகையில் நெஞ்சம் நெகிழ்கிறது. அந்த நிலத்தில் 1822-இல் ஒரு மருத்துவமனை எழுந்தது. 1998-இல் அதுவும் மூடப்பட்டது.

அங்கிருந்து கிழக்கே, மெரியன் சதுக்கத்தின் முதலாம் எண் வீட்டுக்குச் சென்றோம். எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் தந்தையும், கண், காது மருத்துவத்தில் புகழ் பெற்றவருமான வில்லியம் வைல்டு 1855 முதல் வாழ்ந்த இல்லம் அது. ஸ்விஃப்ட்டின் வரலாற்றில் இவருக்கு ஓர் இடமுண்டு. 1742-இல், டீன் சித்த சுவாதீனம் இழந்தவர் என்று ஒரு விசாரணைக் குழு தீர்ப்பளித்தது. மூன்றாண்டுகளில் அவர் மறைந்தார். அதன்பின், அவர் வாழ்நாள் முழுவதுமே பித்தராயிருந்தார் என்ற பழி பரவியது. 1835-இல் பேராலயத்தில் பழுது பார்த்தபோது அவருடைய பெட்டி வெளிப்பட, மண்டையோட்டை எடுத்து ஆராய்ச்சியாளர் கைக்குக் கை மாற்றினர்! வைல்டு 1849-இல் ஒரு நூல் எழுதி, டீன் பித்தர் அல்லர், நெடுநாள் நோயாளி என்று நிறுவ முயன்றார். முதுமையின் தளர்ச்சி வேறு. இளமை முதல் வந்த தலைச்சுற்றல் வேறு.

அந்தத் தலைச்சுற்றலின் ஊற்று எங்கே என்பதைப் பாரிஸ் நகரத்தில், காது கேளாதோர் நிலையத்தின் மருத்துவரான புரோஸ்பர் மெனியர் 1861-இல் எடுத்துரைத்தார். அதுவரை இத்தகைய நோயாளருக்கு மூளையில் இரத்தம் தேங்கியதாக எண்ணி, குருதியை வடித்து அவர்களை மேலும் வாட்டினர். சுற்றல், இரைச்சல், செவிட்டுத்தன்மை ஆகிய மூன்றும் உட்காதிலிருந்து ஒருங்கே எழக்கூடும் என்றார் மெனியர். நம் உட்காதிலே நத்தைக்கூடு போன்ற கேட்கும் உறுப்பும், சமநிலையை உணர்த்தும் மூன்று அரைவட்டக் குழல்களும் ஒன்றோடொன்று இணைந்துள்ளன. இரண்டிலும் ஒரே நீர் நிறைந்திருக்கிறது. மெனியர் நோயில் அந்நீர் மிகுந்து உட்சவ்வுகள் புடைத்திருப்பதை 1938-இல் ஆய்வாளர்கள் கண்டனர். நீர் ஏன் மிகுகிறது என்பது இன்றும் முழுமையாக விளங்கவில்லை. ஸ்விஃப்ட்டுக்கு இருந்தது இந்நோயே என்பது இன்று மருத்துவ வரலாற்றாளர் பலரின் கருத்து. அவருடைய ‘இரு நண்பர்களும்’ ஒரே வீட்டார்தாம்!

இறுதியாக, நகரின் மேற்கே ஹியூஸ்டன் இரயில் நிலையத்தின் அருகில் உள்ள புனித பத்திரிசியார் மருத்துவமனைக்குச் சென்றோம். தம் செல்வத்தின் பெரும்பகுதியை, ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் பவுனை, மனநோயாளருக்கு ஓர் இல்லம் அமைக்க எழுதி வைத்தார் டீன். 1746-இல் அரச சாசனம் பெற்று, 1757-இல் திறக்கப்பட்ட அவ்வில்லம் இன்றளவும் நோயாளரை ஏற்று வருகிறது. அவர்கள் நகைப்புக்கும் அடிக்கும் ஆளான காலத்திலே செய்த கொடை இது.

அம்மருத்துவமனையின் மதிலருகே தமக்கையார் நெடுநேரம் நின்றார். “பெயர் தெரியாத நோயும் நோய்தான், இல்லையா?” என்று மட்டும் கேட்டார். “ஆமாம் அம்மா, மெய்யான நோய்தான்” என்றாள் மகள். அவருக்கு இருப்பது மெனியர் நோயா என்பது இன்னமும் உறுதிப்படவில்லை. தலைச்சுற்றலுக்குக் காரணங்கள் பல. உட்காதின் நுண்ணிய சுண்ணத் துகள்கள் இடம் பெயர்வதும் உண்டு; தலையை முறைப்படி திருப்பும் எளிய பயிற்சியால் அது பெரும்பாலும் நீங்கும். ஒற்றைத் தலைவலியின் ஒரு வகை, வலியே இல்லாமல் சுற்றலாக வருவதும் உண்டு. இரத்தக் குறைவு, இரத்த அழுத்தம், உண்ணும் மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம். நிலைதடுமாறாமல் நிற்பதற்கே மூளை இடைவிடாது உழைக்கையில், நினைவுக்கும் கவனத்துக்கும் வலிமை குறைவது வியப்பன்று.

ஆகவே, இத்தகைய இன்னல் உடையோர் டீனைப் போல ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வது நன்று. எந்த நாள், எவ்வளவு நேரம், எந்தக் காது, உண்டது என்ன, உறக்கம் எப்படி என்று எழுதிக் காது மருத்துவரிடமும் நரம்பு மருத்துவரிடமும் காட்டினால், படங்கள் சொல்லாததை அவை சொல்லும். மெனியர் நோய் என்று ஐயுற்றால் உப்பைக் குறைக்கச் சொல்வர். இயன்ற அளவு நடப்பது, சமநிலையை மீட்க உதவும். ஒரு காது திடீரெனக் கேளாமற் போனாலும், சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கை கால் தளர்ச்சி தோன்றினாலும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீட்டார்க்கும் ஒரு கடமை உண்டு. காய்ச்சலைத் தொட்டு அறியலாம். காயத்தைக் கண்ணால் காணலாம். காதுக்குள் இரையும் ஒலியை அவரன்றி வேறெவரும் கேட்க இயலாது. எனவே, அவர் சொல்வதை நம்புவதே நாம் அளிக்கும் முதல் மருந்து. மருத்துவர் “ஒன்றும் தென்படவில்லை” என்றால், தேடியது அகப்படவில்லை என்பதே அதன் பொருள். துன்பம் பொய் என்பதன்று. ஸ்விஃப்ட்டின் நோய்க்குப் பெயர் கிடைத்தது, அவர் மண்ணுக்குள் சென்று நூறாண்டுகளுக்கு மேல் ஆன பிறகு. நம் இல்லங்களில் இருப்போர்க்கு அதுவரை காத்திருக்கும் நிலை வேண்டாம்.