வலிப்பு நோய் மறைக்க வேண்டியதன்று

வலிப்பால் துன்புற்ற பெண்மணி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் துஆ வேண்டி வந்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. பொறுத்தால் சுவனம், விரும்பினால் நலம் பெறத் துஆ என்றபோது, அவர் பொறுமையைத் தேர்ந்தார். வலிப்பின்போது ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ கேட்டுப் பெற்றார். இதை மருந்து வேண்டாம் என்பதற்குச் சான்றாக்குவோர் உளர். நோய்க்கு மருந்து தேடுமாறு பணித்தவர்களும் அதே நபியவர்களே.

சென்ற ரமளானில், பாபநாசத்தில் எம்மிடம் ஓதும் சிறுமி ஒருத்தி பாடவேளையில் வலிப்புற்று விழுந்தாள். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்; மற்றொருவர் ஜின்னின் தீண்டல் என்றார். நோன்புக்காகப் பகல் மாத்திரையை வீட்டார் நிறுத்தியிருந்தனர் என்பது பின்னரே தெரிந்தது. திருமணப் பேச்சு கெடுமென்று நோயையும் மறைத்திருந்தனர்.

அவ்வேளை மூளையில் நிகழ்வது என்ன? நரம்பணுக்கள் கட்டுமீறிக் கிளர்கையில் குளூட்டமேட் என்னும் பொருள் மிகுந்து சுரக்கிறது. அணுவுக்குள் கால்சியம் புகுகிறது. அதனால் தூண்டப்படும் நொதியொன்று, அர்ஜினின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வாயுவை உண்டாக்குகிறது. சில நொடிகளே நிலைக்கும் இவ்வாயு, அணுச்சவ்வுகளைக் கடந்து அண்டை அணுக்களுக்குச் செய்தி சுமக்கிறது. இரத்த ஓட்ட மண்டலத்தில் இதன் இத்தகைய பணியைக் கண்டறிந்தமைக்காகவே ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவரும் 1998-இல் நோபல் பரிசு பெற்றனர். விலங்குச் சோதனைகளில் இதன் உற்பத்தியைத் தடுத்தபோது, சிலவற்றில் வலிப்பு தணிந்தது; சிலவற்றில் மிகுந்தது. குடமுருட்டி நீரும் அவ்வாறன்றோ? வாய்க்காலில் பாய்ந்தால் நாற்றை வளர்க்கும். கரை மீறினால் மூழ்கடிக்கும். இத்துணை நுட்பமான படைப்பில் சாவிக்கொத்துக்கு என்ன வேலை?

இன்று தரப்படும் மாத்திரைகள் பெரும்பாலும் நரம்பணுக்களின் மிகைக்கிளர்ச்சியைத் தணிப்பவை. அவற்றைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. நோயாளி நோன்பை விட அல்லாஹ் சலுகை தந்துள்ளான். நோன்பு நோற்க விரும்புவோர், ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாத்திரையை மாற்றலாமா என்று முன்னரே மருத்துவரைக் கேட்க வேண்டும்.

வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் துணி வையுங்கள். வாயில் எதுவும் திணிக்காதீர்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். 5 நிமிடங்களைக் கடந்தால் 108-ஐ அழையுங்கள். ஆடை விலகியிருந்தால் போர்த்திவிடுங்கள். அப்பெண்மணி அல்லாஹ்வின் தூதரிடம் கேட்டது அதைத்தான். பெண் கேட்டு வருவோரிடமும் நோயை மறையாது சொல்லுங்கள்.

நோயுற்றோர் யாவருக்கும் அல்லாஹ் நலமருள்வானாக. ஆமீன்.