காற்று எனும் ஒரு சொல்

ஏலமலை அடிவாரத்துத் தேவாரம் எம் ஊர். விடியற்பொழுதில் போடியிலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும்; மாலையில் திரும்பும். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மலை கேரளத்திலும் அடிவாரம் அன்றைய சென்னை மாநிலத்திலும் நின்றன. எல்லை வகுத்தும் உறவு அறவில்லை. மேலே விளையும் ஏலக்காய் போடிச் சந்தைக்கு வருகின்றது. அதனோடு இருமொழி பழகிய நாக்களும் இறங்கி வருகின்றன.

எம் ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், மலைமேல் மலையாளப் பள்ளியில் பயின்ற தமிழ் மாணவர் ஒருவர் எம் வகுப்பில் சேர்ந்தார். ஒருநாள் பாடத்தை உரக்கப் படிக்குமாறு பணித்தோம். 'காற்று' என்னும் சொல் வந்தது. எம் பகுதியினர் அதனைப் பேச்சில் 'காத்து' என்பர். ஏட்டைப் படிக்கையில் 'காட்ரு' என்பது போல் ஒலிப்பர். அவரோ நுனிநாவைப் பல்லுக்குச் சற்று மேலே அழுத்தி, ரகரச் சாயல் சிறிதுமின்றி வல்லொலியாகவே ஒலித்தார். வகுப்பு சிரித்தது.

"மலையாள வாடை வேண்டாம் தம்பி, தமிழாகப் படி" என்றோம்.

"சரிங்க ஐயா" என்று அமர்ந்தவர், அப்பருவம் முடியும்வரை வாய்விட்டுப் படிக்க எழவே இல்லை.

மறுபருவத்தில் தொல்காப்பியப் பிறப்பியலை நடத்தும் பொறுப்பு எமக்கு வாய்த்தது. நுனிநா மேல்நோக்கி எழுந்து அண்ணத்தை வருடினால் ரகரமும் ழகரமும் பிறக்கும். ஒற்றினால் றகரமும் னகரமும் பிறக்கும் என்பது அவர் கண்ட இலக்கணம். ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகப் பலமுறை படித்த பகுதிதான். அன்றுதான் அது எம்மைச் சுட்டது. வருடிக்கொண்டிருந்தவர் நாம்; ஒற்றியவர் அம்மாணவர். மலையாளத்திலும் யாழ்ப்பாணத்தார் பேச்சிலும் இன்றளவும் வாழும் அப்பழைய ஒலியையே நாம் பிழையென்று திருத்தியிருந்தோம்.

அவரை அழைத்து வினவினோம். வீட்டில் 'காத்து' என்பாராம். தோட்டத்தில் மலையாளம் பேசுவோரிடம் அவர்களைப் போலவே ஒலிப்பாராம். ஏட்டில் றகரத்தைக் கண்டதும் மலையில் பழகிய ஒலியே முந்தி வந்ததாம். இருமொழியாளரின் நா, கேட்பவர் யாரென்றறிந்தே அசைகின்றது. அது குறையன்று, பழக்கத்தால் வந்த நுண்ணறிவு.

எம் சமுதாயத்திலேயே இதற்குச் சான்றுண்டு. அரபி மொழியின் ஓர் எழுத்தை உருது பேசும் உறவினர் ஜகரமாக்கி 'ரம்ஜான்' என்பர். தமிழ் பேசும் நாம் ளகரமாக்கி 'ரமளான்' என்போம். நோன்பு ஒன்றே. இளமையில் மதரஸாவில் அவ்வெழுத்தை நாம் எத்தனை முறை பிறழ ஓதினாலும், ஹஜ்ரத் அவர்கள் நகையாது, நாவை வைக்கும் இடத்தைத் தம் வாயைத் திறந்து காட்டுவார்கள். அப்பொறுமையைத் தமிழ் வகுப்பிற்குள் கொண்டுசெல்ல நாம் மறந்துபோனோம்.

அம்மாணவரிடம் வகுப்பின் முன்னிலையில் எம் பிழையை ஒப்புக்கொண்டு, அதே பத்தியைப் படிக்க வேண்டினோம். சற்றே தயங்கிப் படித்தார். எவரும் சிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் பிறப்பியலில் றகரத்தை நடத்தும் நாளன்று, மலையிலிருந்து வரும் மாணவர் எவரேனும் உளரா என்று முதலில் கேட்கிறோம். இருந்தால், 'காற்று' என்று சொல்லிக்காட்டும் உரிமை அவருக்கே.