முப்பத்தாறு குடம்

டிஸ்கி: எந்த கேமரா வாங்கலாம்னு சொல்ற பதிவு இல்ல இது. அப்பர்ச்சர், ஷட்டர் ஸ்பீட் க்ளாஸும் கிடையாது. தைரியமா உள்ள வரலாம்.

எங்க சித்தி பையன் காலேஜ்ல ரெண்டாவது வருஷம். போன வாரம் போன் பண்ணி, "அண்ணா, சொந்தமா ஒரு போட்டோ ப்ராஜெக்ட் பண்ணணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?"ன்னான். நீ என்ன யோசிச்சு வச்சிருக்கேன்னு கேட்டா, கபாலி கோவில் கோபுரம், அடையாறு உடைஞ்ச பாலம், தியசாஃபிகல் சொசைட்டி ஆலமரம், ரங்கநாதன் தெரு கூட்டம்னு கடகடன்னு ஒப்பிக்கறான். எல்லாம் நல்ல இடங்கதான். மெட்ராஸ்ல கேமரா கையில கிடைச்ச ஒவ்வொருத்தனும் முதல் மாசம் போற ரூட் அது. நானும் போயிருக்கேன், படங்களும் நல்லாத்தான் வந்துச்சு. ஆனா அம்பது நல்ல படத்தைச் சேர்த்துக் கட்டினா ஆல்பம் வரும், ப்ராஜெக்ட் வராது. ப்ராஜெக்ட்னா உள்ள ஒரு கேள்வி இருக்கணும்.

அவனுக்குப் போன்ல அரை மணி நேரம் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்கா எழுதி வைக்கலாம்னுதான் இந்தப் பதிவு. அதுக்கு ஒரு கொசுவத்தி சுத்தியாகணும். (ஆபீஸ்ல ஆணி கம்மியா இருக்கற வாரம், கண்டுக்காதீங்க.)

2019ஆம் வருஷம். நான் எஞ்சினியரிங் மூணாவது வருஷம், வீடு மந்தைவெளி. அந்த மார்ச்ல சென்னை போட்டோ பினாலேயோட ரெண்டாவது பதிப்பு நடந்துச்சு. புஷ்பமாலாதான் அந்த வருஷம் அதோட கலை இயக்குநர். பீச் எதிர்ல செனட் ஹவுஸ்ல கண்காட்சி வச்சிருந்தாங்க. பஸ்ல போய் ஓசியில பாத்துட்டு வந்தேன். அங்க எனக்கு உறைச்ச விஷயம் ஒண்ணுதான்: நிறைய பேர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எடுத்திருந்தாங்க. தனித்தனியா பாத்தா சாதாரணப் படம். பத்தை வரிசையா வச்சா நின்னு பாக்க வைக்குது.

அப்புறம் நெட்ல மேயும்போது பெர்ன்ட் பெஷர், ஹில்லா பெஷர்னு ஒரு ஜெர்மன் தம்பதியைப் பத்திப் படிச்சேன். 1959லேர்ந்து பல பத்து வருஷம் சேர்ந்து வேலை பாத்தவங்க. என்ன எடுத்தாங்கங்கறீங்க? தண்ணி டேங்க், சுரங்கக் கோபுரம், பழைய ஃபேக்டரி. வெயில் அடிக்காத மூட்டமான நாளாப் பாத்து, நேரா நிமிர்ந்த ஒரே மாதிரி கோணம். ஒன்பது, பன்னெண்டுன்னு கட்டம் கட்டமா மாட்டுவாங்க. அப்பதான் ஒரு டேங்குக்கும் இன்னொரு டேங்குக்கும் என்ன வித்தியாசம்னு கண்ணு தேட ஆரம்பிக்கும். 1976லேர்ந்து பெர்ன்ட் டுஸ்ஸல்டார்ஃப் கலைக் கல்லூரில பாடமும் எடுத்தார். அவர்கிட்ட படிச்ச ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கியோட ரைன் நதிப் படம் 2011ல 43 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. (என் ப்ராஜெக்ட்டை யாரும் ஓசிக்குக்கூட கேக்கலைங்கறது தனிக்கதை.)

சரி, மேட்டருக்கு வருவோம். அந்த வருஷக் கோடை ஞாபகம் இருக்குல்ல? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் சேர்ந்து கிட்டத்தட்ட 11 டிஎம்சி பிடிக்கும். ஜூன் மாசம் அதுல ஒரு சதவீதம்கூட தண்ணி இல்ல. புழல் ஏரியைச் சாட்டிலைட்ல எடுத்த ரெண்டு படம், 2018ல நீலமா, 2019ல பழுப்பா, உலகம் பூரா சுத்துச்சு. ஜூலை 12ந்தேதி ஜோலார்பேட்டையிலேர்ந்து அம்பது வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணியோட ரயில் வில்லிவாக்கம் வந்தது. ஐடி கம்பெனிங்க சிலது வீட்லேர்ந்தே வேலை பாருங்கன்னு சொல்லிடுச்சு.

லீவுல நான் மாமாவோட பழைய கேனான் 1100டியைத் தோள்ல மாட்டிகிட்டு தண்ணி சம்பந்தமா கண்ணுல பட்டதெல்லாம் எடுத்துகிட்டு இருந்தேன். மயிலாப்பூர் குளம், அடையாறுல லாரி, தி.நகர்ல கேன் தூக்கற பசங்க. முந்நூறு படம் சேர்ந்துச்சு. அதே மாதிரி முந்நூறு படம் அன்னிக்கு எல்லாப் பேப்பர்லயும் வந்துகிட்டு இருந்தது. அப்ப ஒரு கணக்கு போட்டேன். பத்திரிகைக்காரங்ககிட்ட நல்ல லென்ஸ் இருக்கு, வண்டி இருக்கு, அடையாள அட்டை இருக்கு. மாணவன்கிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணு, நேரம். ஒரே எடத்துக்கு நாப்பது தடவை போக முடியும்.

எங்க வீட்லேர்ந்து நடக்கற தூரத்துல ஒரு சந்து. முனையில ஒரு கறுப்பு சின்டெக்ஸ் டேங்க். லாரி வந்து அதை நிரப்பினா, தெருவே வந்து பிடிக்கணும். ராத்திரியே குடம் வரிசை கட்டிடும். குடம் பத்தாதவங்க கல்லு வச்சு இடம் பிடிப்பாங்க. ஆள் தூங்கும், குடமும் கல்லும் நிக்கும்.

மொத நாள் கேமராவைத் தூக்கினதும் ஒரு அக்கா கேட்டாங்க: "இன்னா தம்பி, எங்க மூஞ்ச எட்த்து பேப்பர்ல போடப் போறியா?"

"இல்லக்கா, காலேஜ் பையன். குடத்தைத்தான் எடுக்கறேன்."

"கொடத்தையா? எட்த்துக்கோ, அது ஒண்ணும் சொல்லாது."

அந்த எடத்துலயே ப்ராஜெக்ட்டோட முதல் விதி கிடைச்சிடுச்சு: முகம் கிடையாது, குடம் மட்டும். மத்த விதிகளை அன்னிக்கு ராத்திரி நோட்ல எழுதினேன். ஒரே தெரு. காலைல வெயில் ஏறாத நேரம், ஆறுலேர்ந்து ஏழு. கிட் லென்ஸை 35ல வச்சு டேப் ஒட்டியாச்சு. குடத்தோட வாய் உயரத்துக்குக் குத்த வச்சு உக்காந்து எடுக்கணும். ஒரு குடத்துக்கு ஒரு படம். விதி போட்டா சுதந்திரம் போயிடும்னு நினைக்கறோம். நெசத்துல குழப்பம்தான் போவுது. ஜூம் பண்ணலாமா, எங்க நிக்கலாம்னு யோசிக்க வேண்டியதில்ல, பாத்துகிட்டே இருக்கலாம்.

பாத்தா, பச்சைக் குடம் எல்லாம் ஒண்ணு இல்ல. ஒண்ணுல நெயில் பாலிஷ்ல இன்ஷியல். ஒண்ணுல ஆணியைச் சுட்டு எழுதின பேரு. ஒண்ணுக்குக் கழுத்துல சிவப்பு ரிப்பன். விரிசல் விட்டதை உருக்கி ஒட்டின தழும்போட ஒண்ணு. குடத்தைப் பாத்தே யார் வீடுன்னு சொல்ற அளவுக்கு ரெண்டு வாரத்துல தேறிட்டேன்.

இதுக்கு நடுவுல வரிசையில தினம் ஒரு பொண்ணு. பி.காம் ரெண்டாவது வருஷம், என்னை விட ஒரு வயசு சின்னவங்க. காலேஜ் திறந்தும் பாதி நாள் முதல் ஹவர் போக முடியாது, ஏன்னா லாரி வர்ற நேரம் அது. ஒரு நாள் கேட்டாங்க: "உங்களுக்கு இது ப்ராஜெக்ட். எங்களுக்கு இதுல அட்டெண்டன்ஸ் போவுது. இந்தப் படம் எல்லாம் யாருக்கு?"

பதில் வரல. பதிவுல எழுதறப்பவும் அந்தக் கேள்விதான் முன்னாடி நிக்குது.

அவங்ககிட்ட ஒரு நோட்டு இருந்துச்சு. வரிசையில சண்டை வரக்கூடாதுன்னு, லாரி வந்த தேதி, நேரம், எந்த வீட்டுக்கு எத்தனை குடம், எல்லாம் எழுதி வச்சிருந்தாங்க. நான் எடுத்த படத்தை விட அது பெரிய ஆவணம். ஒரு வீட்டுக்கு நாளைக்கு எட்டு குடம். ரெண்டு பேரும் டேங்க் பக்கத்துல உக்காந்து கணக்கு போட்டோம். பாதாளச் சாக்கடை இருக்கற நகரத்துல ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் தரணும்னு மத்திய அரசோட குடிநீர் கையேடு சொல்லுது. குடம் சுமார் 15 லிட்டர். அப்போ ஆளுக்கு ஒன்பது குடம். நாலு பேர் இருக்கற வீட்டுக்கு முப்பத்தாறு.

"அப்ப முப்பத்தாறு படம் வைங்க. எட்டுல தண்ணி இருக்கட்டும், மீதி இருபத்தெட்டு காலி"ன்னாங்க. அவ்ளோதான். என் மூணு மாச வேலைக்கு உருவம் அந்த ஒரு வரியில வந்துடுச்சு.

அப்புறம் நடந்தது எடிட்டிங். ரெண்டாயிரத்துக்கு மேல படம். லேப்டாப்ல பாத்தா எல்லாம் நல்லாத்தான் தெரியும். அதனால தேறினதுல நூறை மட்டும் தி.நகர் லேப்ல நாலுக்கு ஆறு சைஸ்ல பிரிண்ட் போட்டு, வீட்டுத் தரையில பரப்பி, ஒண்ணு ஒண்ணா எடுத்துட்டே வந்தேன். அழகா இருக்குங்கறதுக்காக உள்ள வந்த படம் எல்லாம் முதல்ல வெளிய போச்சு. ஆறுக்கு ஆறு கட்டம் நின்னுது. ஒவ்வொண்ணுக்கும் கீழ அந்த நோட்லேர்ந்து தேதியும் நேரமும். பேர் ரெண்டு போட்டோம், அவங்களோடது முதல்ல.

காலேஜ்ல மாட்டினோம். ஒரு செட் அந்தத் தெருவுக்கு. அவங்க அதை ஒரு மனுவோட சேர்த்துக் கொடுத்தாங்க. அதனால எல்லாம் மாறிடுச்சுன்னு சொன்னா அது ரீல். ஆனா எவ்ளோ தண்ணி வருதுங்கற பேச்சு வந்தப்ப, சும்மா சொல்றாங்கன்னு யாராலயும் தள்ள முடியல.

நம்ம ஊர்லயே இன்னொருத்தரைப் பாருங்க. எம்.பழனிகுமார். மதுரைக்காரர், அம்மா மீன் வித்து வளர்த்தவங்க. அவங்க கடன் வாங்கிக் கொடுத்த காசுலதான் கேமரா. அந்த அம்மாவையும், அவங்க மாதிரி உழைக்கற பெண்களையும் வருஷக்கணக்கா எடுத்திருக்கார். 2017ல வந்த கக்கூஸ் ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு அவர்தான். இப்ப பாரி இணையதளத்துல வேலை. தயானிதா சிங் பேர்ல பாரி தர்ற விருது 2022ல முதல்முதலா இவருக்குத்தான் போச்சு. இவ்ளோ தூரம் போனவரோட படங்களும் சொந்த வீட்டு வாசல் பக்கத்துலேர்ந்து கிளம்பினதுதான். சித்தி பையனுக்கு நான் அனுப்பின ஒரே லிங்க் அவரோடது.

ஆகஸ்ட், செப்டம்பர்ல மழை தலைகாட்டுச்சு. வரிசை மெல்லக் குறைஞ்சுது. கடைசியா ஒரு காலைல போனா குடமே இல்ல. கல்லுங்க மட்டும் அதே வரிசையில, அதே இடைவெளியில இருந்துச்சு. அதையும் 35லயே எடுத்தேன். முப்பத்தாறுல அது சேராது, முப்பத்தேழாவது படம். அதை மட்டும் எங்கயும் மாட்டல.

உங்க தெருவுல தினம் பாத்தும் பாக்காம தாண்டிப் போற விஷயம் எது மக்களே? யோசிச்சுப் பாருங்க.

பி.கு.: ஃபோட்டோவை மூணு இடத்துல காப்பி வைங்க. நோட்டு வச்சிருக்கறவங்களோட சண்டை போடாதீங்க.