சாக்கு

எங்கள் வீட்டுப் பூனையை ஒரு ராத்திரி சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போய் வெம்பக்கோட்டை ரோட்டில் விட்டுவிட்டு வந்தேன். 2024 தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. பூனைக்கு வயது பதினான்கு. வீட்டில் கண்ட இடத்தில் மூத்திரம் பெய்தது என்பதைத் தவிர அதன்மேல் வேறு குற்றமில்லை.

வெள்ளச்சி 2010-இல் வந்தது. நான் வேலை பார்க்கும் சிவகாசி அச்சகத்தின் காகிதக் குடோனில், ரீம் கட்டுகளுக்கு நடுவே ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. அவளுக்காக ஒரு வெள்ளைக் குட்டியைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். வீடு கட்டி மிஞ்சிய ஆற்று மணலை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டி அடுப்படிப் பக்கம் வைத்தோம். மறுநாளே அதில் இறங்கிப் பெய்து, மண்ணைத் தள்ளி மூடி, மோந்து பார்த்துவிட்டு ஏறி வந்தது. யாரும் சொல்லித்தரவில்லை. அதற்கப்புறம் பதின்மூன்று வருஷம் ஒரு நாள்கூடத் தப்பவில்லை. இத்தனை வருஷம் சுத்தமாக இருந்த ஜீவன் திடீரென்று ஏன் மாறியது என்று நான் ஒரு தடவையாவது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

2024 சித்திரையில் அது நிறையத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. விருதுநகர்ச் சீமையில் சித்திரை வெயிலுக்குக் காக்காய்கூட வாயைத் திறந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கும். அதனால் வெயில் என்று விட்டுவிட்டேன். "கிண்ணத்துல ஊத்த ஊத்தக் காலியாகுதுய்யா" என்று அம்மா இரண்டு மூன்று முறை சொன்னாள். குடித்த தண்ணீர் வெளியே வரத்தானே செய்யும்? தொட்டி மணல் ஒரே நாளில் சொதசொதத்தது. வாடை வந்தது. மணலை அடிக்கடி மாற்ற எனக்குச் சோம்பல். ஆனி மாதத்தில் தொட்டியைத் தூக்கி மொட்டை மாடியில் வைத்தேன். மாடிக்குப் பதினேழு படி.

ஆடிப் பெருக்கு அன்று எங்கள் ஊரில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அன்றையிலிருந்து மார்கழி வரைக்கும் அச்சகங்களில் மிஷின் நிற்காது. நான் வீடு திரும்பப் பதினொன்று, பன்னிரண்டு ஆகும். வாசல் தாண்டியதும் கால் ஈரத்தில் படும். முதலில் குளியலறை முன்னால் கிடக்கும் மிதியடி. அப்புறம் அம்மாவின் கட்டிலுக்கு அடியில். அப்புறம் ஒரு நாள், பிழை பார்க்க வீட்டுக்கு எடுத்து வந்திருந்த ஆல்பத் தாள்களின் மேல்.

அன்றைக்குத்தான் முதலில் அடித்தேன். பிடரியைப் பிடித்துக் கொண்டுபோய் மூக்கை அந்த ஈரத்தில் வைத்துத் தேய்த்தேன். பிறகு அதுவே வழக்கமாகிப் போனது. சில நாள் காகிதச் சுருளால், சில நாள் கையால். பூனை பழிவாங்கும் என்று சின்ன வயதில் கேட்டதை முழுசாக நம்பினேன். தொட்டியை மாடிக்கு மாற்றியதற்குத்தான் இந்தக் கோபம் என்று மனைவியிடம் அடித்துச் சொன்னேன். நோய் என்று நினைத்தால் லீவு போட வேண்டும், மதுரைக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும், செலவு. கொழுப்பு என்று நினைத்தால் ஒரு அடியோடு முடிந்தது. எனக்கு எது வசதியோ அதை நம்பினேன்.

ஒரு ராத்திரி ஏழாவது படியில் அது உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். மேலே பார்த்தபடி இருந்தது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "போ மேல" என்று அதட்டிவிட்டுப் படுக்கப் போனேன். காலையில் அந்தப் படி நனைந்திருந்தது. அதையும் நான்தான் கறுப்புப் பினாயில் ஊற்றிக் கழுவினேன்.

சாக்கு விஷயத்துக்கு வருகிறேன். அரிசி வந்த பழைய சணல் சாக்கு. உள்ளே போடும்போது அது திமிறவில்லை. மடியில் படுக்க எடுக்கிறேன் என்று நினைத்ததோ என்னவோ, கையில் துவண்டு கிடந்தது. வண்டியில் முன்னால் வைத்துக் கட்டினேன். ஊர் தாண்டி ஒரு ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, வாயை அவிழ்த்து, சாக்கோடு கீழே வைத்தேன். எங்கோ ஒரு சரவெடி வெடித்தது. சாக்குக்குள் உருவம் சுருங்கியது தெரிந்தது. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். தூக்கமும் வந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

விடிந்ததும் அம்மா கேட்டாள். ராத்திரி கதவு திறந்து கிடந்தது, எங்கேயாவது போயிருக்கும் என்று சொன்னேன்.

"அதால எங்கய்யா போக முடியும்?" என்றாள். "நாலு மாசமா மாடிப்படி ஏற மாட்டாம நிக்குது. இறங்கும்போது முன்னங்காலு நடுங்குது. எனக்கு இருக்க முட்டி மாதிரித்தான் அதுக்கும்."

அம்மா முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவள். குத்தவைத்து உட்கார்ந்தே முட்டி தேய்ந்துபோனது. அவளால் குந்த முடியவில்லை என்றதும் ஒரே வாரத்தில் கடன் வாங்கி வெஸ்டர்ன் கக்கூஸ் வைத்தவன் நான். அந்தக் கக்கூஸ் கதவைப் பார்த்தபடிதான் அம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். விட்ட இடத்திலிருந்து பத்தடி தள்ளி, பாலத்துத் திண்டை ஒட்டி உட்கார்ந்திருந்தது. ஒரு ராத்திரி முழுக்க அதனால் பத்தடிதான் நகர முடிந்திருக்கிறது. வயிற்றுப் பக்கமெல்லாம் நனைந்து மண் ஒட்டியிருந்தது. என்னைக் கண்டு ஓடவில்லை. சாக்கை அங்கேயே விட்டுவிட்டு, சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன்.

அன்றைக்கே மதுரையில் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பதுதான். ரத்தம் எடுத்தார், எக்ஸ்ரே எடுத்தார். சிறுநீரகம் பழுது, இடுப்பிலும் முன்னங்கால் முட்டியிலும் மூட்டுத் தேய்மானம். வீட்டுப் பூனைக்குப் பூர்வீகம் பாலைவனக் காட்டுப் பூனையாம். தண்ணீரை வீணாக்காமல் மூத்திரத்தைச் சுண்ட வைத்து வெளியேற்றுவது அதன் சிறுநீரகத்தின் வேலை. வயசாகி அந்தச் சக்தி போனதும் மூத்திரம் தண்ணீராக, நிறைய வரும். அதை ஈடுகட்டவே பூனை ஓயாமல் குடிக்கும். ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறித் தெரிவதற்குள் சிறுநீரகம் முக்கால்வாசி வேலையை இழந்திருக்கும் என்றார். மூட்டு விஷயமும் அப்படித்தான். 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பன்னிரண்டு வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்திருக்கிறார்கள். 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம். பூனை நொண்டிக் காட்டாது, கத்தாது. குதிப்பதைக் குறைக்கும், படி ஏறுவதை விடும், உயரமான தொட்டியைத் தவிர்க்கும். அவ்வளவுதான் அது நமக்குச் சொல்லும்.

வலிக்கு மனுஷ மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள், ஒரு பாராசிட்டமாலே பூனையைக் கொன்றுவிடும் என்று எச்சரித்தார். பினாயிலைப் பற்றியும் அப்போதுதான் தெரிந்தது. அதிலுள்ள பீனால் வகைப் பொருள்களை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அது நடக்கும் தரையில் ஊற்றினால் பாதத்தில் ஒட்டும். பாதத்தை அது நக்கும். நாலு மாதமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அந்த மேஜை முன்னால்தான் புரிந்தது.

வீட்டில் செய்ய வேண்டியவை ஒன்றும் பெரிய காரியமில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. பெரிய பிளாஸ்டிக் டப் இரண்டு வாங்கினேன். பூனை உள்ளே தாராளமாகத் திரும்ப வேண்டும், அதன் நீளத்தில் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். ஒரு பக்கத்தை மூன்று விரல் உயரத்துக்கு அறுத்து வழி விட்டு, அறுத்த விளிம்பில் டேப் ஒட்டினேன். ஒன்று அடுப்படிப் பக்கம் பழைய இடத்திலேயே, இன்னொன்று அம்மாவின் கட்டிலுக்கு எதிர் மூலையில். இரண்டும் கீழ்த்தளத்தில். சாப்பாட்டுக் கிண்ணத்துக்கும் தொட்டிக்கும் நல்ல தூரம். ராத்திரி கண் மங்கும் என்பதால் பக்கத்தில் ஒரு சின்ன பல்பு. ஒன்றில் சலித்த மணலும், இன்னொன்றில் அச்சகத்துக் கட்டிங்கில் விழும் மை படாத வெள்ளைக் காகிதத் துண்டும் போட்டுப் பார்த்தேன். காகிதம் மெத்தென்று இருக்குமே என்று நினைத்தேன். வெள்ளச்சி மணல்தான் வேண்டும் என்றது. வாசனை போட்ட மணல் பக்கமே போகவில்லை. காலையும் மாலையும் அள்ளிவிடுகிறேன், ஐந்து நிமிஷ வேலை. முன்பு பெய்த இடங்களை நொதி கலந்த சலவைத்தூள் கரைத்து ஊற வைத்துத் துடைத்தோம். நமக்கு வாடை போய்விட்டாலும் அதன் மூக்குக்குப் போயிருக்காது. மோந்தால் மறுபடி அதே இடத்துக்கு வரும்.

மருந்து, சிறுநீரகத்துக்கான தீனி, வாரம் இரண்டு தடவை தோலுக்கடியில் ஏற்றும் சலைன் என்று அதன் நாள் ஓடுகிறது. ஊசி பிடிக்க நான் கற்றுக்கொண்டேன். பத்து நாளில் தரை காய்ந்தது. எத்தனை தடவை போகிறது என்று தினம் காலண்டர்த் தாளின் பின்பக்கம் குறித்து வைக்கிறேன். குணமாகிற நோய் இல்லை, தள்ளிப்போடலாம் என்றுதான் மருத்துவர் சொல்லியிருக்கிறார். சித்திரையிலேயே போயிருந்தால் எவ்வளவு தள்ளிப்போட்டிருக்கலாம் என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பொங்கலுக்கு மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். டைல்ஸ் தரையில் வெள்ளச்சிக்குக் கால் வழுக்குகிறது என்று பார்த்துவிட்டு, கட்டிலிலிருந்து தொட்டி வரைக்கும் ஒரு சணல் சாக்கை மடித்து விரித்தாள். நல்ல யோசனைதான். வெள்ளச்சி எழுந்து வந்தது. சாக்கின் விளிம்பில் வந்ததும் நின்றது. மோந்தது. காதுகளைப் பின்னால் மடித்து, பின்வாங்கிப் போய்க் கட்டிலுக்கடியில் உட்கார்ந்துகொண்டது. முக்கால் மணி நேரம் வரவில்லை.

"இதுக்கு ஏம்ப்பா சாக்கைக் கண்டா இவ்வளவு பயம்?" என்றாள்.

நான் சாக்கைச் சுருட்டி எடுத்துவிட்டு, தேங்காய் நார் மிதியடி வாங்கி வருகிறேன் என்று கடைக்குக் கிளம்பிவிட்டேன். அன்றைக்கு அவளிடம் சொல்லாததைத்தான் இப்போது எழுதியிருக்கிறேன். தாளை அவளுக்குத் தபாலில் அனுப்பப் போகிறேன்.