விலை பேசிய மாலை



"ஐயா வண்டியை மாற்றப் போகிறாராமே?" என்று கடந்த சில வாரங்களாக உங்களில் பலர் என்னிடம் கேட்டீர்கள். ஆம்பூரில் பிரியாணி மணத்தைவிட வேகமாகப் பரவுவது ஆயரைப் பற்றிய செய்திதான். நீங்கள் கேள்விப்பட்டது உண்மையே. ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனையில் என்ன நடந்தது என்பதை, வண்டியின் உரிமையாளரான நம் சபைச் சகோதரரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவருடைய பெயரை மட்டும் தவிர்த்திருக்கிறேன்.

அந்த வண்டி ஹீரோ ஹோண்டா கரிஸ்மா. இளையோருக்கு இந்தப் பெயரின் கனம் புரியாமல் இருக்கலாம். 2003ஆம் ஆண்டு அது சாலைக்கு வந்தபோது எனக்கு முப்பதைத் தாண்டியிருந்தது. இறையியல் கல்லூரிப் படிப்பை முடித்துக் குருப்பட்டம் பெற்று, கிராமச் சபைகளில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். நம்மில் பெரும்பாலோர் 100 சிசி வண்டிகளையே ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், 223 சிசி எஞ்சினும், காற்றை ஒதுக்கித் தள்ளும் முன்மூடியும், நெடும்பயணத்துக்கேற்ற பெரிய டேங்கும் கொண்டு அது வந்தது. தங்க நாற்கரத் திட்டப் பணிகள் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ஒரு மழைநாளில் மொபெட்டில் நனைந்தபடி வாணியம்பாடி நோக்கிச் சென்றுகொண்டிருந்தேன். மஞ்சள் நிறக் கரிஸ்மா ஒன்று என்னைக் கடந்து போனது. அதன் ஒலி தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டே போனேன். அன்று எந்த ஊருக்கு, எதற்காகப் போனேன் என்பது எனக்கு நினைவில்லை. அந்த ஒலி நினைவிருக்கிறது.

பிறகு ஆண்டுகள் ஓடின. ஹீரோவும் ஹோண்டாவும் பிரிந்தன. பழைய கரிஸ்மாவின் உற்பத்தி நின்றுபோனது. 2023இல் அதே பெயரில் வேறு எஞ்சினோடு புதிய வண்டி ஒன்று வந்தது. பேரன் பாட்டனின் பெயரை வைத்துக்கொண்டதைப் போல எனக்குத் தோன்றியது. மனம் அதில் ஒட்டவில்லை.

இந்நிலையில்தான், ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பின் அந்தச் சகோதரர் தயங்கித் தயங்கி வந்தார். காலணித் தொழிற்சாலையில் கிளிக்கிங் பிரிவில், அதாவது தோலை வெட்டும் பிரிவில், பல ஆண்டுகளாக வேலை செய்பவர். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது நம் பகுதியில் எத்தனை வீடுகளின் வரவு சுருங்கியது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கும் ஓவர்டைம் நின்றது; வாரத்தில் சில நாட்கள் வேலையும் நின்றது. மகள் செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. கட்டணம் கட்ட வேண்டும். "2007 மாடல் ஐயா. டிஎன் 23 வண்டி. பதினைஞ்சு வருஷம் முடிஞ்சு ஆர்.சி.யைப் புதுப்பிச்சிட்டேன், 2027 வரைக்கும் இருக்கு. உங்களுக்கு இந்த வண்டின்னா பிடிக்கும்னு ஆயரம்மா ஒருமுறை சொன்னாங்க" என்றார். நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் கேட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வாங்குவதற்கான நியாயங்களை என் மனம் வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தியது. மாதனூர்ப் பக்கமும் பேர்ணாம்பட்டுப் பக்கமும் நம் கிளைச் சபைகளுக்குப் போக வேண்டும். அவசரத்துக்கு வேலூர் சி.எம்.சி.க்குப் போக வேண்டும், ஸ்ப்ளெண்டருக்கும் வயதாகிவிட்டது. போதாக்குறைக்கு ஐடா ஸ்கடர் அம்மையாரையும் சாட்சிக்கு அழைத்தேன். 1909இல் அவருக்கு ஒற்றைச் சிலிண்டர் பேஜோ கார் ஒன்று கிடைத்தது. அதில் மருந்துகளை ஏற்றிக்கொண்டு குடியாத்தம் சாலையில் ஆங்காங்கே நிறுத்தி, காத்திருந்த நோயாளிகளுக்கு மருத்துவம் செய்தார். ஊழியத்துக்கு வேகமான வாகனம் வேண்டும் என்பதற்கு நம் மண்ணிலேயே முன்மாதிரி இருக்கிறதே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அந்தக் காரில் மருந்துப் பெட்டிகள் இருந்தன. நான் விரும்பிய வண்டியில் என்ன இருந்தது என்று கேட்டால், மழையில் நனைந்த ஓர் இளைஞனின் பொறாமை இருந்தது. இதை ஒப்புக்கொள்வதில் இப்போது எனக்கு வெட்கமில்லை. ஆசைப்படுவது பாவமென்று நான் நினைக்கவில்லை. ஆசைக்கு அங்கி மாட்டி ஊழியமென்று பெயர் சூட்டியதுதான் உறுத்துகிறது.

செவ்வாய்க்கிழமை மாலை அவருடைய வீட்டுக்குப் போனேன். வண்டியைத் துடைத்து நிறுத்தியிருந்தார். பழைய வண்டியை வாங்கப் போனால் குறைகளை நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது உலக வழக்கு. அங்கே தேடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவரே கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். முன் ஃபோர்க்கில் ஆயில் கசிகிறது, சீல் மாற்ற வேண்டும். கோன்செட் தேய்ந்திருக்கிறது, ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நடுவில் ஓரிடத்தில் தட்டும். செயினும் ஸ்ப்ராக்கெட்டும் இன்னும் சில மாதங்களுக்குத்தான் வரும். பின் டயர் விறைத்துவிட்டது. முன்மூடியின் இடப்பக்கத்தில் விரிசல். உள்ளே கம்பி வைத்துத் தைத்திருக்கிறேன், அந்தப் பாகம் இப்போது கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சினில் டைமிங் செயின் சத்தம் கேட்கும்.

எனக்கு வியப்பாக இருந்தது. "ஏன் எல்லாவற்றையும் சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "எங்க வேலையே அதுதானே ஐயா" என்றார்.

தோலை வெட்டும் மேசையில் நடப்பதை அவர் விளக்கினார். ஒரு தோல் வந்ததும் வெட்டுவதற்கு முன் அதை விரித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். உண்ணி கடித்த புள்ளி, முள் கீறிய கோடு, சூடு போட்ட தடம், உரிக்கும்போது கத்தி பட்ட இடம் எல்லாவற்றையும் வெள்ளிநிறப் பேனாவால் குறித்துவிட்டு, அவை விழாத இடமாகப் பார்த்து அச்சை வைக்க வேண்டும். காலணியின் முன்புறத்துக்கு முதுகுப் பகுதியின் நல்ல தோல். வயிற்றுப் பகுதி இழுபடும் என்பதால் கண்ணுக்குத் தெரியாத துண்டுகளுக்குப் போகும். குறையை மறைத்து வெட்டினால் அது எங்கும் போய்விடாது. வேறு ஒருவருடைய கையில் தையல் மேசையில் வெளிப்படும். "குறையைக் குறிச்சாத்தான் தோலுக்கு மதிப்பு, ஐயா" என்றார்.

நான் பிரசங்கத்துக்கு ஏற்ற உதாரணம் கிடைத்ததென்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். அடுத்த பத்து நிமிடங்களில் நான் செய்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அவர் சொன்ன குறைகளையே எடுத்து விலை பேசினேன். ஃபோர்க்குக்கு இவ்வளவு ஆகும், டயருக்கு இவ்வளவு, முன்மூடி கிடைக்கவே கிடைக்காது, பதினெட்டு ஆண்டுப் பழைய வண்டி, 2027இல் மறுபடி ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி வேறு. நான் குரலை உயர்த்தவில்லை. நிதானமாக, அன்பாகவே பேசினேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் விலை இறங்கியது. முப்பத்திரண்டாயிரத்தில் வந்து நின்றது. "உங்களுக்கு எது சரியாத் தோணுதோ அதைக் குடுங்க ஐயா, உங்களுக்கும் எனக்கும் நடுவுல என்ன" என்றார் அவர். ஜெபம் செய்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் மனம் துள்ளியது. வீட்டுக்குள் நுழையும்போதே, "ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டேன்" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நேத்து பெண்கள் ஐக்கிய சங்கத்துல அவரோட வீட்டம்மா வந்திருந்தாங்க. வண்டி வித்தா ஃபீஸ் அப்படியே சரியாப் போயிடும்னு சொன்னாங்க. இப்போ மீதிப் பதிமூணாயிரத்துக்கு என்ன பண்ணுவாங்க? வட்டிக்குத்தானே வாங்குவாங்க?"

நான் பதில் பேசவில்லை. உடுப்பு மாற்றாமல் மேசையருகே உட்கார்ந்தேன். நீதிமொழிகள் 20:14ஐ எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. வாங்குகிறவன் சரக்கை மட்டம் என்கிறான், அப்பால் போனதும் பெருமை பேசுகிறான் என்ற பொருளுடைய அந்த வசனத்தை வாலிபர் வேதபாட வகுப்பில் சிரித்துக்கொண்டே விளக்கியவன் நான்.

அந்த இரவில் ஆதியாகமம் 23ஆம் அதிகாரத்தை வேறு கண்களோடு வாசித்தேன். சாராளை அடக்கம்பண்ண ஆபிரகாம் இடம் தேடுகிறார். எப்ரோன் முதலில் இலவசமாகத் தருவதாகச் சொல்கிறான். பிறகு நானூறு சேக்கல் என்கிறான். உமக்கும் எனக்கும் நடுவே அது என்ன பெரிது என்கிறான். ஆபிரகாம் பேரம் பேசாமல் எண்ணிக் கொடுக்கிறார். எரேமியா ஆனதோத்தில் நிலம் வாங்கியது பதினேழு சேக்கலுக்கு. இடமும் காலமும் வேறென்றாலும், ஆபிரகாம் கொடுத்தது மலிவான விலை அல்ல என்பது தெரிகிறது. இந்தப் பகுதியைக் கீழைநாட்டு மரியாதைப் பேச்சு என்று நான் போதித்திருக்கிறேன். ஆனால் அங்கே அந்த வார்த்தையைச் சொன்னவன் ஊர்வாசலில் தன் சொந்த ஜனத்தின் நடுவே உட்கார்ந்திருந்த எப்ரோன்; கேட்டு நின்றவர் அந்நியர். எங்கள் கதையில் எல்லாம் தலைகீழ். அதே வார்த்தையைச் சொன்னவர் கட்டணத்துக்குத் தவித்தவர். கேட்டு நின்றவன் அவருடைய பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவன், அவருடைய தாயை அடக்கம்பண்ணியவன். அவர் என்னிடம் எப்படிப் பேரம் பேசியிருக்க முடியும்? கடையில் என்றால், "கட்டுப்படியாகாது, போங்க" என்று சொல்லியிருப்பார்.

மறுநாள் மாலை மீண்டும் போனேன். "நேற்று நான் சொன்ன குறைகள் எல்லாம் நீங்கள் நேர்மையாகக் காட்டியவை. அவற்றைக் கொண்டே உங்களை அடித்தேன். மன்னியுங்கள்" என்றேன். அவர் பதறிப்போய் எழுந்து நின்றார். பிறகு சற்று நேரம் கழித்து, தரையைப் பார்த்தபடி, "நீங்க கேட்டு எப்படிங்க ஐயா இல்லைன்னு சொல்றது" என்றார். அந்த ஒரு வரியைக் கேட்கத்தான் நான் போனேன் போலும்.

கேட்ட விலையைக் கொடுத்து வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். லூக்கா 14ஆம் அதிகாரத்தில் கோபுரம் கட்டுகிறவன் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதைப்போல நாங்கள் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நாற்பத்தைந்து, மெக்கானிக் வேலைக்கும் டயருக்கும் பதினான்கு, இன்சூரன்ஸ் தனி. பெட்ரோலோ லிட்டருக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர்தான் தரும் என்றார். ஒருமுறை ஓட்டிப் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்தார். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வரை போய்த் திரும்பினேன். எஞ்சின் இன்னும் பாடுகிறது. நெடுஞ்சாலையில் வேகம் எடுத்தபோது, இத்தனை ஆண்டுகள் காதில் இருந்த அதே ஒலி எனக்குக் கீழேயே கேட்டது. திரும்பி வந்து இறங்கியபோது இடுப்பை நிமிர்த்த ஒரு நிமிடம் ஆனது. முன்பக்கம் குனிந்து பிடிக்க வேண்டிய வண்டி அது; பின்னிருக்கையில் புடவையோடு என் மனைவி எப்படி உட்காருவார் என்பதை நான் ஒருமுறைகூட யோசித்திருக்கவில்லை. வேண்டாம் என்று முடிவு செய்ததில் பாதி மனசாட்சி, பாதி இடுப்பு. முழுவதையும் பரிசுத்தத்தின் கணக்கில் எழுதினால் அது பொய்யாகும்.

வேறு ஆளுக்கு விற்க அவருக்கு உதவினேன். படங்களை நானே எடுத்தேன். விளம்பரத்தில் எல்லாக் குறைகளையும் எழுதச் சொன்னார், எழுதினோம். மகளின் கல்லூரியில் பேசி இரண்டு வாரத் தவணை வாங்கினோம். ஒன்பதாம் நாள் ஓசூரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். அவரும் குனிந்து பார்த்தார். ஃபோர்க் கசிகிறதே, டயர் விறைத்திருக்கிறதே, முன்மூடி கிடைக்காதே என்று ஆரம்பித்தார். நான் என் ஸ்ப்ளெண்டர்மேல் சாய்ந்து பேசாமல் நின்றேன்.

"அதெல்லாம் நானே எழுதினதுதான் தம்பி. அதைக் கழிச்சுத்தான் விலை சொல்லியிருக்கேன்" என்றார் நம் சகோதரர்.

நாற்பத்தேழாயிரத்துக்கு முடிந்தது. படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, இரண்டாவது சாவியை வீட்டுக்குள் போய்த் தேடி எடுத்துவந்து கொடுத்தார். இளைஞர் வண்டியைக் கிளப்பினார். எஞ்சின் சூடாகும்வரை டைமிங் செயின் சற்று சத்தம் போட்டது. அவர் சொன்னபடியேதான்.